ஹெபடைடிஸ் சி: வைரஸின் மரபணு வகைகளும் அவை பரவியுள்ள பகுதிகளும் – நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஹெபடைடிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ் தொற்றாகும். இத்தொற்று இருப்பதாக அறிந்தவர்களும் அவர்தம் குடும்பத்தினரும் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இது எந்த வகை வைரஸ்?" என்பதாகும். ஆய்வக அறிக்கைகளில் 'மரபணு வகை 1', 'மரபணு வகை 3' என்று எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, எண் கூடினால் நோயும் கடுமையாகுமோ எனச் சிலர் அஞ்சுகின்றனர். வேறு சிலர், வகை தெரியும்வரை சிகிச்சையைத் தொடங்கக் கூடாது என்று எண்ணிக் காத்திருக்கின்றனர்.

இந்த வைரஸின் வகைகள் யாவை, அவை உலகிலும் இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் எவ்வாறு பரவியுள்ளன, திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி போன்ற ஊரகப் பகுதியில் வாழும் ஒரு நோயாளிக்கு அந்த விவரம் எந்த அளவுக்குத் தேவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. இதன் மையக் கருத்து ஒன்றே: இன்று வழங்கப்படும் மருந்துகள் பெரும்பாலும் எல்லா மரபணு வகைகளிலும் செயல்படுகின்றன. ஆகவே, வகை தெரியவில்லை என்ற காரணத்திற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மரபணு வகை என்றால் என்ன?

ஹெபடைடிஸ் சி வைரஸ் 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹூட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். அது சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஒரு நீண்ட வாசகத்தைப் போன்றது.

வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு அதனிடம் இல்லை. எனவே, நூற்றாண்டுகள் பலவற்றின் ஊடாக, வெவ்வேறு நிலப்பகுதிகளில் பரவிய வைரஸ்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டுவிட்டன. மரபு வாசகத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அளவுக்கு வேறுபடும் வைரஸ்கள் தனித்தனி மரபணு வகைகளாகக் கொள்ளப்படுகின்றன. அதனினும் குறைந்த வேறுபாடு உடையவை ஒரே வகையின் உட்பிரிவுகளாகும். அவை 1ஏ, 1பி, 3ஏ என்றவாறு குறிக்கப்படுகின்றன.

இதுவரை 8 மரபணு வகைகள் அறியப்பட்டுள்ளன. இந்த எண்கள் நோயின் கடுமையைக் குறிப்பவை அல்ல. வகைகளை வேறுபடுத்தி அறிவதற்காக இடப்பட்ட வரிசை எண்களே அவை. வைரஸ் இவ்வாறு பலவாறாக வேறுபட்டு நிற்பது, ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்றளவும் தடுப்பூசி உருவாகாமைக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

உலகில் எந்த வகை எங்கே காணப்படுகிறது?

உலக அளவில் மிகுதியாகக் காணப்படுவது மரபணு வகை 1. அமெரிக்கா, ஐரோப்பா, கிழக்காசியா ஆகிய பகுதிகளில் இது முதன்மை பெற்றுள்ளது. அதற்கு அடுத்த நிலையில் உள்ளது வகை 3. இந்தியா, பாகிஸ்தான் முதலிய தெற்காசிய நாடுகளில் இதுவே மிகுதி. வகை 2 மேற்கு ஆப்பிரிக்காவிலும், வகை 4 எகிப்து மற்றும் மத்திய ஆப்பிரிக்காவிலும், வகை 5 தென்னாப்பிரிக்காவிலும், வகை 6 தென்கிழக்காசியாவிலும் வேரூன்றியுள்ளன. வகை 7 காங்கோ நாட்டைச் சேர்ந்தவர்களிடம் கண்டறியப்பட்டது. வகை 8, பஞ்சாபைப் பூர்விகமாகக் கொண்டு கனடாவில் வாழும் நோயாளிகள் சிலரிடம் கண்டறியப்பட்டு 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

ஒரு பகுதியில் ஒரு குறிப்பிட்ட வகை மிகுவதற்கு அங்குள்ள மக்களின் இனமோ உணவோ தட்பவெப்பமோ காரணம் அன்று. அந்தப் பகுதியில் இரத்தத்தின் வழியாக வைரஸ் பரவ எந்த வழி திறந்திருந்தது என்பதே காரணம். இதற்கு எகிப்து தெளிவான சான்றாகும். அந்நாட்டில் சிஸ்டோசோமா என்னும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950கள் முதல் 1980களின் தொடக்கம் வரை ஊர்தோறும் ஊசி மருந்து செலுத்தப்பட்டது. ஊசிகளும் சிரிஞ்சுகளும் முறையாகத் தூய்மை செய்யப்படாமல் திரும்பத் திரும்பப் பயன்பட்டமையால், அப்பகுதியில் இருந்த வகை 4 வைரஸ் பெருமளவில் பரவியது. பின்னர் எகிப்து அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய நாடு தழுவிய பரிசோதனை மற்றும் சிகிச்சைத் திட்டத்தின் மூலம் அத்தொற்றைப் பெரிதும் கட்டுப்படுத்தியது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் நிலை என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் சுமார் 5 கோடிப் பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் சி தொற்றுடன் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் சுமார் 55 இலட்சம் பேர் இந்தியாவில் உள்ளனர்.

இந்தியா முழுவதையும் ஒருசேர நோக்கினால் மரபணு வகை 3 முதலிடத்திலும் வகை 1 இரண்டாம் இடத்திலும் உள்ளன. வட மாநிலங்களில் வகை 3 மிகப் பெரும்பான்மையாகக் காணப்படுகிறது. தென்னிந்தியாவில் வகை 3 உடன் வகை 1-உம் கணிசமான அளவில் உள்ளது. வகை 4-உம் சிலரிடம் காணப்படுகிறது. மணிப்பூர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் வகை 3 உடன், அண்டையிலுள்ள தென்கிழக்காசியாவில் மிகுதியாக உள்ள வகை 6-உம் சேர்ந்து காணப்படுகிறது.

தமிழ்நாட்டில் இத்துறையில் நெடுங்காலமாக ஆய்வு செய்து வருவது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் இயல் துறையாகும். அத்துறையினர் பத்தாண்டுக் கால அனுபவத்தைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். அதன்படி, பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் வகை 3-உம், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் வகை 1-உம் இருந்தன. எஞ்சிய சிறு பங்கினரிடம் வகை 4, வகை 6 ஆகியவை காணப்பட்டன.

இந்த விவரங்களை எவ்வாறு புரிந்துகொள்வது?

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவமனையில் நடத்தப்படும் ஆய்வு, அம்மருத்துவமனையை நாடி வந்தவர்களைப் பற்றியதே ஆகும். வேலூர் மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டினர் மட்டுமன்றி மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்தும் ஏராளமானோர் சிகிச்சைக்கு வருகின்றனர். ஆகவே அங்குக் கிடைத்த விகிதத்தை அப்படியே தமிழகத்தின் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் பொருத்திப் பார்ப்பது சரியாகாது.

அதேபோல, ஒரு பகுதியில் எந்த வகை மிகுதி என்பதைக் கொண்டு ஒரு தனி நோயாளிக்கு எந்த வகை இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. தொப்பம்பட்டியைச் சேர்ந்த ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரிலோ மதுரையிலோ அறுவைச் சிகிச்சையின்போது இரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கலாம். மற்றொருவர் வெளிநாட்டில் வேலை செய்தபோது தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம். நூற்பாலையில் பணியாற்ற வேறு மாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர், தம் சொந்த ஊரிலேயே தொற்றைப் பெற்றிருக்கலாம். ஒரே ஊரில் வாழும் இம்மூவரிடமும் மூன்று வெவ்வேறு வகைகள் இருக்கக்கூடும். வைரஸின் வகை, அந்தத் தொற்று வந்த வழியைச் சார்ந்ததே அன்றி நோயாளி இப்போது வாழும் ஊரைச் சார்ந்தது அன்று.

எனவே, வெளியூரிலிருந்து வந்தவர்களால்தான் இந்நோய் வந்தது என்று எந்தப் பிரிவினரையும் குறை கூறுவதற்கு இவ்விவரங்களில் இடமில்லை. தூய்மையற்ற ஊசியும் பரிசோதிக்கப்படாத இரத்தமும் எவ்வூரில் இருந்தாலும் அவ்வூரில் தொற்று பரவும்.

வகைக்கேற்ப நோயின் தன்மை மாறுமா?

எல்லா வகைகளும் ஒரே வழியில்தான் பரவுகின்றன. ஒரே விதமான கல்லீரல் பாதிப்பையே உண்டாக்குகின்றன. தொற்று ஏற்பட்டவர்களுள் சுமார் 30 விழுக்காட்டினரின் உடல், ஆறு மாதங்களுக்குள் எவ்விதச் சிகிச்சையும் இன்றி வைரஸை நீக்கிவிடுகிறது. ஏனையோரிடம் தொற்று நாட்பட்டதாகிறது. அவ்வாறு நாட்பட்ட தொற்று உடையவர்களுள் 15 முதல் 30 விழுக்காட்டினர், 20 ஆண்டுகளுக்குள் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு உள்ளது. சிரோசிஸ் ஏற்பட்டவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது.

இவற்றுள் வகை 3 பற்றித் தனியாக ஒன்று கூற வேண்டியுள்ளது. இவ்வகை வைரஸ் கல்லீரலில் கொழுப்புப் படிவதை நேரடியாகத் தூண்டுகிறது. இவ்வகைத் தொற்று உடையவர்களிடம் கல்லீரல் தழும்பு சற்று விரைவாக முற்றுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்தியாவில் இவ்வகையே மிகுதி என்பதால், இங்குள்ள நோயாளிகள் மதுவை அறவே தவிர்ப்பதும், உடல் எடையையும் சர்க்கரை நோயையும் கட்டுக்குள் வைத்திருப்பதும் மிகவும் முக்கியம். வகை எதுவாயினும் இந்த அறிவுரை அனைவருக்கும் பொருந்தும்.

சிகிச்சை: அன்றும் இன்றும்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை மரபணு வகை அறியாமல் சிகிச்சை தொடங்க இயலாத நிலை இருந்தது. அக்காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் வழங்கப்பட்டன. வகை 1 உடையவர்களுக்கு 48 வாரங்களும், வகை 2 அல்லது 3 உடையவர்களுக்கு 24 வாரங்களும் சிகிச்சை தேவைப்பட்டது. காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு, இரத்த அணுக்கள் குறைதல் போன்ற பக்க விளைவுகளால் பலர் இடையிலேயே நிறுத்திவிட்டனர். முழுமையாக முடித்தவர்களிலும் கணிசமானோருக்குப் பயன் கிட்டவில்லை.

2013ஆம் ஆண்டின் இறுதியில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது முதல் இந்நிலை மாறத் தொடங்கியது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் புரதங்களையே நேரடியாகத் தடுக்கும் மருந்துகள் இவை. சோஃபோஸ்புவிருடன் டக்ளட்டாஸ்விர் அல்லது வெல்பட்டாஸ்விர் சேர்த்து வழங்கப்படும்போது, எல்லா முக்கிய மரபணு வகைகளிலும் இச்சிகிச்சை பயனளிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, இத்தகைய மருந்துகளால் 95 விழுக்காட்டினருக்கும் மேல் குணமடைகின்றனர். இம்மருந்துகள் இந்தியாவிலேயே தயாரிக்கப்படுவதால் அவற்றின் விலையும் பெருமளவு குறைந்துள்ளது.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. பஞ்சாப் மாநில அரசு 2016ஆம் ஆண்டில் ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு இலவசச் சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கியது. சிரோசிஸ் இல்லாத நோயாளிகளுக்கு மரபணு வகைப் பரிசோதனை செய்யாமலேயே மாவட்ட மருத்துவமனைகளில் மருந்து வழங்கப்பட்டது. அங்கு வகை 3 மிகுதியாக இருந்தபோதிலும், சிகிச்சையை முடித்துப் பரிசோதனை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குணமடைந்தனர். வகையறிதலுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதை இத்திட்டம் நடைமுறையில் காட்டியது.

தேசிய திட்டத்தின் கீழ் இலவசச் சிகிச்சை

மத்திய அரசின் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்டது. இத்திட்டத்தின் கீழ் பரிசோதனைகளும் மருந்துகளும் அரசு சிகிச்சை மையங்களில் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. சிகிச்சை முறை, மரபணு வகையை அடிப்படையாகக் கொள்ளாமல் கல்லீரலின் நிலையை அடிப்படையாகக் கொண்டு பின்வருமாறு வகுக்கப்பட்டுள்ளது.

- சிரோசிஸ் இல்லாதவர்கள்: சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளட்டாஸ்விர் 60 மில்லிகிராம், நாளொன்றுக்கு ஒரு வேளை, 12 வாரங்கள்.
- சிரோசிஸ் இருந்தும் கல்லீரல் தன் பணியைச் செய்துவரும் நிலையில் உள்ளவர்கள்: சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், வெல்பட்டாஸ்விர் 100 மில்லிகிராம், நாளொன்றுக்கு ஒரு வேளை, 12 வாரங்கள்.
- சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தல், இரத்த வாந்தி, மனக்குழப்பம் போன்றவை தோன்றியவர்கள்: மேற்கூறிய இரு மருந்துகளுடன் ரிபாவிரின் சேர்த்து 12 வாரங்கள், ரிபாவிரின் ஒவ்வாதவர்களுக்கு அது இன்றி 24 வாரங்கள். இவர்கள் உயர் சிகிச்சை மையத்தில் நிபுணரின் கண்காணிப்பில் இருத்தல் வேண்டும்.

இவை பொதுவான விவரங்களே. உங்களுக்கு உரிய மருந்தையும் அளவையும் மருத்துவரே முடிவு செய்வார்.

மரபணு வகைப் பரிசோதனை எப்போது தேவைப்படும்?

இப்பரிசோதனை பயனற்றது என்று பொருளில்லை. கீழ்க்காணும் நிலைகளில் மருத்துவர் இதனைப் பரிந்துரைக்கலாம்.

- முன்னர் முழுமையாகச் சிகிச்சை பெற்றும் வைரஸ் நீங்காமல் இருப்பது அல்லது மீண்டும் தோன்றுவது.
- சிரோசிஸ் உள்ள நிலையில், மருந்தையும் கால அளவையும் நிபுணர் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியிருப்பது.
- குணமடைந்த பின் மீண்டும் வைரஸ் காணப்படும்போது, அது பழைய தொற்றா புதிய தொற்றா என அறிய வேண்டியிருப்பது.
- ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று கண்டறியப்படும்போது, அது எங்கிருந்து பரவியது என்று சுகாதாரத் துறை ஆராய்வது.

இவை தவிர்த்து, முதன்முறையாகச் சிகிச்சை பெறவுள்ள, சிரோசிஸ் இல்லாத நோயாளி ஒருவர் கடன் வாங்கியேனும் தனியார் ஆய்வகத்தில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஏற்கெனவே செய்திருந்தால் அவ்வறிக்கையைப் பத்திரமாக வைத்திருந்து மருத்துவரிடம் காட்டினால் போதும்.

முதலில் செய்ய வேண்டிய பரிசோதனைகள்

*எதிர்ப்புரதப் பரிசோதனை.* தொற்று எப்போதேனும் ஏற்பட்டிருந்ததா என்பதை இது காட்டும். இதில் 'உண்டு' என வருவதால் மட்டும் இப்போது நோய் இருப்பதாகக் கொள்ள இயலாது. உடல் தானாகவே வைரஸை நீக்கியிருந்தாலும் இவ்வெதிர்ப்புரதம் இரத்தத்தில் நீடிக்கும்.

*வைரஸ் ஆர்.என்.ஏ. பரிசோதனை.* வைரஸ் இப்போது இரத்தத்தில் உள்ளதா என்பதை உறுதி செய்வது இதுவே. சிகிச்சை தேவையா என்பதை முடிவு செய்யும் பரிசோதனையும் இதுவே.

*கல்லீரலின் நிலையை அறியும் பரிசோதனைகள்.* கல்லீரல் நொதிகள், இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, நோயாளியின் வயது ஆகியவற்றைக் கொண்டு கல்லீரல் தழும்பின் அளவை மருத்துவர் கணிப்பார். தேவைப்படின் வயிற்று ஸ்கேன் எடுக்கப்படும்.

*ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி. பரிசோதனைகள்.* ஹெபடைடிஸ் பி தொற்றும் உடன் இருப்பவர்களுக்கு, ஹெபடைடிஸ் சி மருந்து உட்கொள்ளும்போது பி வைரஸ் மீண்டும் வீறு கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே சிகிச்சைக்கு முன் இதனை அறிவது இன்றியமையாதது. எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

மருந்து உட்கொள்ளும் காலத்தில் கவனிக்க வேண்டியவை

மாத்திரைகளை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல் உட்கொள்ள வேண்டும். உடல் நலமாக உள்ளது என்று எண்ணி இடையில் நிறுத்தலாகாது. அறுவடை, திருவிழா, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றின்போது தேவையான மாத்திரைகளை முன்கூட்டியே பெற்று உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

வேறு நோய்களுக்காக உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குறிப்பாக, காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு நோய்க்கான ஃபெனிடாயின், கார்பமாசிபின் ஆகியவை இச்சிகிச்சையின் பலனைக் கெடுக்கும். இதயத் துடிப்புக்கான அமியோடரோன் மருந்துடன் சோஃபோஸ்புவிர் சேரும்போது துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வெல்பட்டாஸ்விர் உட்கொள்பவர்கள், நெஞ்செரிச்சலுக்கான மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் வாங்கி உண்ணக் கூடாது. ரிபாவிரின் கருவைப் பாதிக்கும் என்பதால், அதனை உட்கொள்ளும் ஆணாயினும் பெண்ணாயினும் சிகிச்சைக் காலத்திலும் அதன் பின் ஆறு மாதங்களும் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கீழாநெல்லியோ பத்தியமோ ஹெபடைடிஸ் சி வைரஸை இரத்தத்திலிருந்து நீக்குவதாக நிறுவப்படவில்லை. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது, குணமாகக்கூடிய நோயை முற்றவிடுவதாகும். பெரும்பாலான நோயாளிகளுக்கு மஞ்சள் காமாலையே தோன்றுவதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

யாரெல்லாம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

இந்தியாவில் தானமாகப் பெறப்படும் இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2001ஆம் ஆண்டு வாக்கில் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் பிரசவத்தின்போதோ விபத்தின்போதோ அறுவைச் சிகிச்சையின்போதோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் நோயாளிகள், ஊசி வழியாகப் போதைப்பொருள் பயன்படுத்தியவர்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், தொற்று உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், ஊசிக் குத்துக்கு உள்ளாகும் வாய்ப்புடைய மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

"ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்" என்னும் நம்பிக்கை இன்னும் பல ஊர்களில் நிலவுகிறது. மாத்திரையே போதுமான இடத்தில் ஊசியைக் கேட்டுப் பெற வேண்டாம். ஊசி தேவைப்படும்போது, புதிய உறையைப் பிரித்து எடுக்கப்பட்ட சிரிஞ்சு பயன்படுத்தப்படுகிறதா என்று கவனிப்பது நோயாளியின் உரிமையாகும். முறையான மருத்துவத் தகுதி இல்லாதவர்களிடம் ஊசி போட்டுக்கொள்வதைத் தவிர்க்க வேண்டும்.

பழநிக்கு முடி காணிக்கை செலுத்தச் செல்பவர்கள், ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு பயன்படுத்தப்படுவதை உறுதி செய்துகொள்ள வேண்டும். காது குத்துதல், பச்சை குத்துதல், வேண்டுதலுக்காக அலகு குத்துதல் ஆகியவற்றிலும் ஒருவருக்குப் பயன்படுத்திய கூர்ப்பொருளை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. வழிபாட்டிற்கோ வழக்கத்திற்கோ இதனால் தடையில்லை. கருவியின் தூய்மையே இங்குக் கருத வேண்டியது.

குடும்பத்தினருக்கு

ஒன்றாக அமர்ந்து உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், கட்டித் தழுவுவதாலும், இருமல் தும்மலாலும் ஹெபடைடிஸ் சி பரவாது. தாய்ப்பால் வழியாகவும் பரவாது. காம்பில் வெடிப்பும் இரத்தக்கசிவும் இருந்தால் மட்டும் அது ஆறும்வரை பாலூட்டுவதை நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு, தனி அறை என்று ஒதுக்கி வைக்க வேண்டிய தேவை சிறிதும் இல்லை. இரத்தம் படக்கூடிய சவரக் கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றை மட்டும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. காயத்திலிருந்து வடியும் இரத்தத்தைத் துடைக்கும்போது கையுறை அணிய வேண்டும்.

தொற்று உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றில் ஐந்து அல்லது ஆறு என்ற அளவில் உள்ளது. அத்தகைய குழந்தைக்கு 18 மாதம் நிறைந்த பின் எதிர்ப்புரதப் பரிசோதனை செய்ய வேண்டும். தாயின் எதிர்ப்புரதம் அதற்கு முன் குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

சிகிச்சை முடிந்த பின்

கடைசி மாத்திரையை உட்கொண்டு 12 வாரங்கள் கழித்து மீண்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்ய வேண்டும். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால், நோய் குணமானதாகக் கொள்ளப்படும். மாத்திரை முடிந்தவுடன் பலர் இப்பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடுகின்றனர். குணமானதை உறுதி செய்யும் ஒரே வழி இதுவே என்பதால் இதனைத் தவறவிடலாகாது.

குணமடைந்த பின்னரும் எதிர்ப்புரதப் பரிசோதனை 'உண்டு' என்றே காட்டும். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையின்போதும், அறுவைச் சிகிச்சைக்கு முன்னரும் இது வீண் குழப்பத்தை உண்டாக்கலாம். எனவே இறுதி ஆர்.என்.ஏ. அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குணமடைந்தவர்களும் இரத்த தானம் செய்தல் கூடாது.

ஒரு வகை வைரஸிலிருந்து குணமடைவது, மற்ற வகைகளிலிருந்தோ அதே வகையிலிருந்தோ பாதுகாப்பு அளிப்பதில்லை. தூய்மையற்ற ஊசியால் மீண்டும் தொற்று ஏற்படலாம். சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் ஏற்பட்டிருந்தவர்கள், வைரஸ் நீங்கிய பின்னரும் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்து கல்லீரல் புற்றுநோய்க்கான அறிகுறி உள்ளதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கே அணுகுவது?

தொப்பம்பட்டி ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள் முதலில் தங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ அணுகலாம். பழநி அரசு மருத்துவமனையிலும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அருகிலுள்ள ஹெபடைடிஸ் சிகிச்சை மையம் பற்றிய வழிகாட்டுதலைப் பெறலாம். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

செல்லும்போது ஆதார் அட்டை, முந்தைய பரிசோதனை அறிக்கைகள், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவரிடம் பின்வரும் கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறலாம்:

- என் இரத்தத்தில் இப்போது வைரஸ் உள்ளதா?
- என் கல்லீரல் எந்த நிலையில் உள்ளது? சிரோசிஸ் உண்டா?
- நான் உட்கொள்ளும் பிற மருந்துகள் இச்சிகிச்சைக்கு இடையூறாகுமா?
- எத்தனை வாரங்கள் மாத்திரை உட்கொள்ள வேண்டும்?
- குணமானதை உறுதி செய்யும் பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும்?

மரபணு வகை பற்றிய கேள்வியை இவற்றுக்குப் பின் கேட்கலாம். மேற்கண்ட ஐந்திற்கும் விடை கிடைத்துவிட்டால், பெரும்பாலான நோயாளிகள் அன்றே சிகிச்சைக்கான அடுத்த படியை எடுத்து வைக்க இயலும்.

*இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்காக மட்டுமே வழங்கப்படுகின்றன. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் தகுதி பெற்ற மருத்துவரை அணுகவும்.*